ஒருநாட் கடலும் இருவகைக் காற்றும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்க் கவிதையில் கடல் பெரும்பாலும் கரையிலிருந்து பார்க்கப்பட்ட கடலாகவே இருக்கிறது. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தனர் முன்னோர். புன்னை நிழலிலும் கழிக்கரையிலும் மணல் மேட்டிலும் நின்று தலைவி கடலை நோக்குகிறாள், தோழியும் நோக்குகிறாள். திமிலும் அம்பியும் தோணியும் பாடல்களில் வருகின்றன. பரதவர் வலையோடு போகிறார்கள், மீனோடு மீள்கிறார்கள். ஆயினும் திமிலின்மேல் அமர்ந்து, சிறுத்துக்கொண்டே போகும் கரையைத் திரும்பிப் பார்க்கும் கண் சங்கப் பாடல்களில் அரிதினும் அரிது. இன்றைய கடற்கவிதையிலும் இந்நிலை பெரிதும் மாறிவிடவில்லை. இவ்வுரை அந்தக் கண்ணின் அருகே சிறிது நேரம் அமர்ந்து பார்க்க விரும்புகிறது. பொருள் எளியது: சோழமண்டலக் கரையின் பாய்க் கட்டுமரம், விடியுமுன் புறப்பட்டுப் பொழுது சாயுமுன் திரும்பும் அதன் ஒருநாட் பயணம்.

கட்டுமரம் படகு அன்று. அதற்கு உட்குழிவு இல்லை, சுவர் இல்லை, நீரை வெளியே நிறுத்தும் எண்ணமே அதற்குக் கிடையாது. எடை குறைந்த மரத்துண்டுகள் சிலவற்றைச் செதுக்கி, நடுமரம் சற்றே தாழ்ந்திருக்குமாறு அடுக்கிக் கயிற்றால் கட்டினால் அதுவே கலம். அலை மேலே ஏறும். மரங்களின் இடுக்குகள் வழியே இறங்கிவிடும். நீர் இறைக்கும் வேலை இல்லை. கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப்போட்டு மீண்டும் ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவார்கள். நீர் குடித்த மரம் கனத்துவிடும் என்பதே காரணம். நாள்தோறும் கட்டப்பட்டு நாள்தோறும் அவிழ்க்கப்படும் கலம் உலகில் வேறு எத்தனை உண்டு என்று எண்ணிப் பார்க்கலாம். இயற்கைத் துறைமுகம் இல்லாத, அலை உடையும் நீண்ட மணற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலத்தை எவரும் செய்துவிடவில்லை. சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், ஆழத்தில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுக்குக் கடிதங்களைக் கொண்டுசென்றவர்கள் கட்டுமரக்காரர்களே. கூம்பிய தொப்பிக்குள் கடிதத்தை வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அலையைக் கடந்தார்கள். உடல் முழுதும் நனையும், கடிதம் நனையாது.

இந்த மரத்தின்மேல் ஒரு சிறு கம்பை நட்டு, மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்த முக்கோணப் பாயை விரித்தவுடன் சிக்கல் தொடங்குகிறது. காற்று வரும் திசைக்கு நேரே எந்தப் பாயும் போகாது. நல்ல பாய்ப்படகும் ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறி ஓடித்தான் காற்றை எதிர்த்து ஏற முடியும். கட்டுமரமோ நீரில் ஆழப் பதியாதது. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். அதைத் தடுக்க மரங்களுக்கு இடையே ஒரு பலகையை நீருக்குள் இறக்குவார்கள். அப்போதும் காற்றை எதிர்த்து ஏறுவதில் அது பெரிய திறன் காட்டுவதில்லை.

மேனாடுகளில் சிறு பாய்ப்படகில் பொழுதுபோக்காகச் செல்வோருக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று, காற்றை எதிர்த்துப் போ, காற்றோடு திரும்பு என்பது. போகும்போது உடலில் வலு இருக்கும். களைத்துத் திரும்புகையில் காற்றே கொண்டுவந்து சேர்க்கும். அறிவுடைய பாடம்தான். கட்டுமரக்காரன் இந்தப் பாடத்தை நாள்தோறும் மீறினான். அவன் காற்றோடு போனான்; காற்றோடு திரும்பினான். இரவில் நிலம் விரைந்து குளிர்கிறது. கடல் தன் வெம்மையை எளிதில் விடுவதில்லை. ஆகவே பின்னிரவில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. பகலில் மணல் கொதிக்கிறது. அதன்மேல் காற்று எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்காற்று வருகிறது. முதற்காற்றில் பாய் விரித்துப் புறப்பட்டு இரண்டாம் காற்றில் மீள்வதே ஒருநாட் பயணத்தின் அமைப்பு. அதாவது, வெளியே போகும்போது திரும்பும் காற்று இன்னும் பிறக்கவே இல்லை. அது பிறக்கும் என்ற அறிவின்மேல்தான் மரம் நீரில் தள்ளப்பட்டது.

புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், கரிகாலனைக் காற்றின் தொழிலை ஆண்டு கலம் செலுத்தியவனின் வழிவந்தோன் என்று விளிக்கிறார். அரசனைப் பாடுகையில் ஆண்டான் என்று சொல்வதே முறை. கட்டுமரத்தில் போனவன் அச்சொல்லைச் சொல்லியிருக்கமாட்டான். காத்திருந்தான் என்பதே அவன் செய்தியாக இருந்திருக்கும்.

அந்தக் காத்திருப்பு எளிதன்று. சித்திரை, வைகாசியில் சென்னைக் கரையில் கடற்காற்று நண்பகலை ஒட்டி எழும். தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று வலுத்திருக்கும் நாட்களில் அது பிற்பகல்வரை தள்ளிப்போகும். சில நாள் வராமலே போகும். அத்தகைய நாளில் நிலக்காற்று விடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பாயைச் சுருட்டித் துடுப்பை எடுக்க வேண்டியதுதான். ஆகவே எவ்வளவு தூரம் போவது என்ற வினாவுக்கு விடை மீனிடம் மட்டும் இல்லை. அன்றைய விடியலின் வானத்திலும் காற்றின் ஈரத்திலும் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையின் புயற்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அந்நாட்களில் மரம் கரையில் உலர்ந்துகொண்டிருப்பதே நன்று.

காற்றோடு போகும் பயணத்தில் ஓர் ஏமாற்று உண்டு. கவிஞர்கள் கேட்க வேண்டிய செய்தி இது. மணிக்கு 10 மைல் வேகத்தில் வீசும் காற்றோடு, அதே திசையில் 4 மைல் வேகத்தில் ஓடும் மரத்தில் இருப்பவன் உடலில் படுவது 6 மைல் காற்று மட்டுமே. பாய் புடைத்திருக்கும், அவனுக்கோ புழுங்கும். கடல் அமைதியாக இருக்கிறது என்று தோன்றும். அதே வேகத்தில் அவன் காற்றை நோக்கித் துடுப்பிட்டால் முகத்தில் 14 மைல் காற்று அறையும். அலையும் உயர்ந்துவிட்டதாகத் தெரியும். காற்று மாறவில்லை, அவன் முகம் மாறியது. புதிதாகக் கடலுக்குச் செல்லும் இளைஞனுக்கு இதைச் சொல்லால் விளக்கிவிட முடியாது. ஒருமுறை திருப்பிக் காட்டினால் போதும்.

பயணத்தின் நடைமுறைகள் சுருக்கமானவை. கரையில் உடையும் அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வந்தபின் ஒரு தணிவு உண்டாகும். அத்தணிவுக்காக இடுப்பளவு நீரில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தணிந்ததும் தள்ளி ஏறிவிட வேண்டும். தயங்கியவன் அடுத்த அலைக்கு இரையாவான். மரத்தின்மேல் கட்டப்படாத பொருள் கடலுக்குச் சொந்தம். ஆகவே வலை, தூண்டில், பழைய சோறும் நீராகாரமும் கொண்ட மூடிய கலயம் யாவும் கயிற்றில் இருக்கும். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை மட்டும் இறுகக் கட்டக்கூடாது. கையிலேயே வைத்திருக்க வேண்டும். திடீரென்று காற்று அறைந்தால் கையை விட்டவுடன் பாய் வெறுமனே படபடக்கும், மரம் பிழைக்கும். கட்டிவைத்தவன் கவிழ்வான். சிறு பாய்க்கலம் எங்கு ஓடினாலும் இவ்விதி ஒன்றே.

கரை மறையாத தொலைவில் இடமறிய இரு அடையாளங்கள் போதும். கோபுரமும் அதன்பின் நிற்கும் குன்றும் ஒரே கோட்டில் வந்தால் ஒரு கோடு கிடைத்தது. வேறொரு பனைக்கூட்டமும் கலங்கரை விளக்கமும் சேர்ந்தால் மற்றொன்று. இரண்டும் வெட்டும் இடத்தில் பாறை இருக்கிறது. பாறையில் மீன் இருக்கிறது. கரையைத் திரும்பிப் பார்க்கும் கண் என்று தொடக்கத்தில் சொன்னது வெறும் ஏக்கத்தின் கண்ணன்று. அது கணக்கின் கண்.

இதில் இன்பம் எங்கே என்று கேட்கலாம். பசிக்கும் கடனுக்கும் இடையே ஓடிய மரத்தைப் பற்றி இன்பம் பேசுவது கரையில் இருப்போரின் ஆடம்பரம் என்ற கருத்தும் உண்டு. அக்கருத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதிக்குச் சான்று வேற்று நாட்டில் கிடைக்கிறது. கட்டுமரம் என்ற சொல்லை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் ஆங்கிலத்துக்கு எடுத்துச்சென்றார். 1876இல் அமெரிக்காவில் நாதனேல் ஹெரெஷாஃப் இரட்டை உடல் கொண்ட ‘அமரில்லிஸ்’ என்ற பாய்க்கலத்தைச் செய்து நியூயார்க் போட்டியில் மற்றப் படகுகளை முந்தினார். அதன்பின் அவ்வகைக் கலத்தைப் போட்டிகளில் சேர்க்க மறுத்தனர். அந்த வகைக்கு ‘கட்டமரான்’ என்ற பெயர் நிலைத்தது. உண்மையில் இரட்டைக் கலம் பசிபிக் தீவினரின் மரபு. பெயர் மட்டும் தமிழ். பின் 1968இல் கலிபோர்னியாவில் அலைப்பலகை செய்துவந்த ஹோபி ஆல்டர், மணற்கரையிலிருந்து ஒருவரே அலைக்குள் தள்ளி ஏறக்கூடிய 14 அடிச் சிறு கட்டமரானை வெளியிட்டார். அலையின் தணிவு பார்த்துத் தள்ளுவது, நனைந்தபடி அமர்வது, பாய்க்கயிற்றைக் கையில் பிடிப்பது, மாலைக்குள் அதே மணலுக்குத் திரும்புவது ஆகிய யாவும் அங்கே விடுமுறை நாளின் மகிழ்ச்சி. பணம் கொடுத்து அதை வாங்குகிறார்கள். அவ்வுடலுழைப்பில் இன்பமே இல்லை என்றால் வாங்குவார்களா? கட்டுமரக்காரனுக்கு அது கூலியோடு சேர்ந்தே வந்தது. தனியாகப் பெயரிட்டு அழைக்க அவனுக்கு நேரம் இருந்ததில்லை.

பாயின் காலம் சோழமண்டலக் கரையில் முடிந்துவிட்டது. 1980களில் பொறி பொருத்திய சிறு படகுகள் பரவின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் கரையை நிறைத்தன. இதற்காகக் கண்ணீர் விடுவது மீனவருக்குச் செய்யும் நியாயமன்று. பொறி வந்ததால் உயிர்கள் பிழைத்தன; காற்றில்லாத பகலில் உச்சிவெயிலில் துடுப்பிட்ட தோள்கள் ஓய்ந்தன. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) வல்லத்துக்கும் லாஞ்சுக்குமான பகையைச் சொல்கிறது. வல்லத்தையும் வீட்டையும் விற்கச் சொல்லும் மகனுக்கு மனம் ஒப்பாத குரூஸ் மிக்கேலின் துயரம் அதன் மையம். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) மரத்தின்மேல் ஏறிக் கடலுக்குள்ளேயே செல்கிறது. உரைநடை அங்கே போய்விட்டது. கவிதைதான் இன்னும் புன்னை நிழலில் நிற்கிறது.

இழப்பு சொற்களில் இருக்கிறது. நிகண்டுகள் காற்றுக்கு நான்கு பெயர் தந்தன: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பாய் ஓட்டியவர்களுக்கு நான்கு போதவில்லை. மேல்காற்றைக் கச்சான் என்றனர். தென்காற்றைச் சோழகம் என்றனர். வடகிழக்குக் காற்று வாடைக்கொண்டல். தென்கிழக்குக் காற்று சோழகக்கொண்டல். இரு திசைகளைப் புணர்த்தி ஒரு காற்றைப் பெயரிடும் இவ்வழக்கில் எவ்வளவு நுட்பமான இலக்கணம் இருக்கிறது! யாழ்ப்பாணத்துப் பேச்சில் கச்சானும் சோழகமும் இன்றும் வாழ்கின்றன. தமிழ்நாட்டுக் கவிதையிலோ எல்லாக் காற்றும் தென்றலாகிவிட்டது. புயலடித்தால் மட்டும் வாடைக்கு இடம் கிடைக்கிறது. கலத்தின் முன்பகுதி அணியம், பாய் தொங்கும் குறுக்குமரம் பருமல், பாயை இழுக்கும் கயிறு தாமான், திசைதிருப்புவது சுக்கான். சுக்கான் அரபுச் சொல்லாயிற்றே என்று தனித்தமிழ் அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கடலில் சொற்களும் காற்றோடுதான் வந்திறங்கின. அவற்றுக்குச் சுங்கம் கேட்பது பொருந்தாது. பொறிப்படகுக்காரனுக்குத் தாமான் தேவையில்லை. ஆகவே அவன் மகனுக்கு அச்சொல் தெரியாது. இதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை. சொல்லைக் காக்கும் தொழில் அவனுடையதன்று.

நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. பகலின் கடைக்கூறு என்றே உரைகாரர் பலரும் கொள்வர். மாலையின் துயரோடு அப்பொழுதைப் பொருத்தி விளக்குவது வழக்கம். கடற்காற்றின் கணக்கு தெரிந்தவருக்கு மற்றொரு விளக்கமும் தோன்றும். நண்பகலில் கொண்டல் எழுந்து, ஒருநாட் பயணம் சென்ற பாய்கள் ஒவ்வொன்றாக வந்து முடியும் பொழுது அது. வந்தவை எல்லாம் மணலில் ஏறிவிட்ட பின்னும் வராத பாய் எது என்பது அப்போதுதான் தெரியும். அவ்வாறாயின் கரையில் நின்றவள் வெறுமனே இரங்கிக்கொண்டிருக்கவில்லை. காலையில் காற்று எந்நேரம் வீழ்ந்தது, தொடுவானத்தை ஒட்டிக் கருங்கோடாகக் கடல் சிலிர்த்தது எப்போது, இவ்வளவு காற்றில் அவ்வளவு தூரத்திலிருந்து வர எத்தனை நாழிகை ஆகும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். மரத்தின்மேல் இருந்தவன் அறிந்த காற்றை அவளும் அறிந்திருந்தாள். அவள் கலக்கம் அறியாமையால் வந்ததன்று. கணக்கு தவறியதால் வந்தது. நெய்தற் பாடல்களை இந்த எண்ணத்தோடு மறுபடி படித்தால் சில அடிகள் வேறு விதமாக ஒலிக்கக்கூடும்.

இன்று அவள் வழிவந்தவளின் கையில் கைப்பேசி இருக்கிறது. படகு கரையை நெருங்கி, கோபுரத்தின் அலைவரிசைக்குள் வந்ததும் அது ஒலிக்கிறது. அதற்கு முன் எந்தத் திசையில் காற்று வீசினாலும் அவள் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.