பேச்சு வராதவருக்குப் பாட்டு வரும்
(மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாதம் அடித்துப் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், கண் கலங்குகிறார். வாயைத் திறந்தால் "அது... அது..." என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. உடனே நாம் என்ன சொல்கிறோம்? "பாவம், புத்தி போயிடுச்சு" என்கிறோம், அதுவும் அவர் காதுபடவே. பெரும்பாலும் அவருக்குப் புத்தி போகவில்லை. சொல்ல நினைத்தது உள்ளே இருக்கிறது, சொல்தான் கிடைக்கவில்லை.

பெரும்பாலோருக்குப் பேச்சை நடத்துவது மூளையின் இடது பாதி. பாரிஸ் நகரத்து மருத்துவர் பால் புரோக்கா 1861-ஆம் ஆண்டிலேயே இதற்குச் சான்று காட்டினார். உடம்பின் வலது பக்கத்தை இயக்குவதும் அதே இடது பாதிதான். அதனால்தான் வலது கை, கால் விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவதை அதிகம் பார்க்கிறோம். இதை 'அபேசியா' என்பார்கள். நாக்கு தடித்து வாய் குழறுவது வேறு சங்கதி. எதுவானாலும், திடீரென்று பேச்சு நின்றால் அந்த நிமிடமே 108-க்குச் சொல்லுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பாட்டும் பயிற்சியும் அதற்குப் பிறகுதான்.

பாட்டுக்கு வருகிறேன். சுவீடன் நாட்டில் ஓலோஃப் டாலின் என்பவர் 1745-இல் ஒரு செய்தி எழுதி வைத்தார். வலது பக்கம் விழுந்துபோன ஒருவருக்கு "ஆம்" என்பதைத் தவிர வேறு சொல் வராது. ஆனால் தேவாலயத்தில் யாராவது தொடக்கத்தை எடுத்துக்கொடுத்தால், முன்பு கற்ற பாடல்களைத் தெளிவாகப் பாடுவாராம். நம் வீடுகளிலும் இது உண்டு. தண்ணீர் கேட்க முடியாதவர் பழைய பாட்டை முணுமுணுப்பார். ஒன்று, இரண்டு எண்ணுவார். கிழமைகளை வரிசையாகச் சொல்வார். கோபம் வந்தால் வசவு கூடத் தெளிவாக வரும்! "திட்ட மட்டும் வாய் வருதே, நம்மகிட்ட பேச மாட்டேங்கிறாரே" என்று மருமகள் வருத்தப்படுவாள். அது வேண்டுமென்று செய்வது அல்ல, அம்மா. மனப்பாடமாய்ப் பதிந்தவை கோத்த சரம் மாதிரி தானாக வருகின்றன. இராகத்தில் மூளையின் வலது பாதிக்கும் பெரிய பங்கு உண்டு. அந்தப் பாதி அவருக்கு நன்றாக இருக்கிறது.

அதற்காக, நாள் முழுக்க ரேடியோவில் பாட்டு வைத்தால் பேச்சு வந்துவிடுமா? வராது. நூறு பாட்டுப் பாடினாலும் "தண்ணி வேணும்" என்பது அதிலிருந்து பிறக்காது. பாட்டு மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான். பேச்சு வேண்டுமானால், தேவையான சொல்லையே பாட்டாக்க வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் இதை ஒரு முறையாக வகுத்து 1973-இல் வெளியிட்டார்கள்.

அவருக்கு எதிரே உட்காருங்கள். அவருடைய இடது கையைப் பிடித்து, அசைக்கு ஒரு தட்டாக மெல்லத் தட்டுங்கள். "தண்-ணி வே-ணும்". மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டே சுரம் போதும். முதலில் சொல் இல்லாமல் "ம்ம்" என்று இராகத்தை மட்டும் முனகிக் காட்டுங்கள். பிறகு சொல்லோடு பாடுங்கள். அவரும் கூடச் சேரட்டும். சேர்ந்து பாடும்போதே நடுவில் உங்கள் குரலைத் தேய்த்து விட்டுவிடுங்கள், அவர் முடிக்கட்டும். அது கைவந்தபின், "என்ன வேணும்?" என்று கேட்டு அவர் பதில் பாடும்படி செய்யுங்கள். கடைசியில் இராகத்தைக் குறைத்துக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இராகம் உதவுகிறதா, தாளம் உதவுகிறதா என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குள் வழக்கு உண்டு. தாளமும் பழகிய சொல்லும்தான் முக்கியம் என்று ஜெர்மனியில் 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. நமக்கென்ன, இரண்டையும் சேர்த்தே செய்வோம். "எனக்குப் பாட வராதே" என்று கூச்சப்படவும் வேண்டாம். தாலாட்டத் தெரிந்த எவருக்கும் இது வரும்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. நாம் சொல்வது ஓரளவு புரிகிறது, சொல்தான் வெளியே வரவில்லை என்பவர்களுக்கே ஏற்றது. சரளமாகப் பேசியும் அர்த்தமில்லாமல் பேசுகிறவர்களுக்கு வேறு பயிற்சி. எது என்பதை மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு வாரத்தில் பலன் தேடாதீர்கள். பாஸ்டனில் இந்தப் பயிற்சியை நாளுக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்தில் 5 நாள் கூடச் செய்திருக்கிறார்கள். அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் 2011-இல் தலையில் குண்டடிபட்டுப் பேச்சிழந்தார். அவருக்கும் இசைப் பயிற்சி கொடுத்தார்கள். 2020-இல் கட்சி மாநாட்டில் பேசினார். அப்போதும் தடுமாற்றம் முழுதாய்ப் போகவில்லை.

வந்த விருந்தாளி முன்னால் "எங்கே, என் பேரைச் சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். காது கேளாதவரிடம் போலக் கத்தாதீர்கள். அவர் சொல்லத் திணறும்போது நீங்களே முந்திக்கொண்டு முடித்துவிடாதீர்கள். பத்து எண்ணும்வரை பொறுங்கள்.

பயிற்சியாளரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: அவர் வலது கைப்பழக்கமா, இடதா, வீட்டில் பேசிய மொழி எது, எந்தெந்தப் பாட்டு அவருக்கு முழுதாகத் தெரியும், தினமும் அவருக்கு அவசரமாக வேண்டிய பத்துச் சொல் எவை. பேரப்பிள்ளையின் பெயரையும் அந்தப் பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.