மரத்தின் பட்டையும் மனிதனின் தோலும்

(ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றில் மாதர் பிரிவினர் நடத்திய நலவாழ்வுக் கூட்டத்தில், சிங்கப்பூரில் வாழும் முன்னாள் தோட்டப் பெண்மணி ஒருவர் ஆற்றிய உரை)



நான் பிறந்து வளர்ந்தது இதுபோன்ற ஒரு ரப்பர்த் தோட்டத்தில்தான். பள்ளி விடுமுறை நாட்களில் என் தாயாரின் பின்னே நடந்து மங்கு துடைத்தவள் நான். திருமணமாகிச் சிங்கப்பூருக்குச் சென்றபின், தேக்காவுக்கு அருகே அடுக்குமாடி வீட்டில் குடியேறினேன். ஒரு பக்கத்து வீட்டில் சீனக் குடும்பம். மறு பக்கத்தில் மலாய்க் குடும்பம். மூன்று பண்பாடுகளுக்கு இடையே வாழும் வாழ்க்கை அன்று தொடங்கியது.

என் மூத்த மகன் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தான். பிள்ளைப்பேற்றுக்குப் பெயர்பெற்ற இடம் அது. 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே பிறந்தன. நான் வீடு திரும்பியதும் என் மாமியார் சிராங்கூன் சாலைக் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி வாங்கிவந்து மருந்து இடித்தார். சீன அம்மையார் இஞ்சியும் நல்லெண்ணெயும் சேர்த்த கோழிக்கறியைக் கொண்டுவந்தார். மலாய் அம்மையாரோ வயிற்றைச் சுற்றிக் கட்ட நீண்ட துணியுடன் வந்துவிட்டார். மூன்று பெண்களும் மூன்று மொழி பேசினார்கள். ஆயினும் மூவர் சமையலறையிலும் இஞ்சி இருந்தது. பிள்ளை பெற்றவளின் உடல் குளிரக்கூடாது என்ற ஒரே எண்ணமும் இருந்தது.

சிங்கப்பூரின் வரலாறும் இதையே சொல்கிறது. 1867-ஆம் ஆண்டில் சீன வணிகர்கள் நிறுவிய தோங் சாய் மருத்துவக் கழகம், இனமும் சமயமும் பாராமல் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் அளித்தது. நாம் தலைவலிக்குத் தடவும் கோடாலித் தைலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் முறைப்படி சீனர் ஒருவர் 1928-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய தொழில் அது. இன்றும் தமிழ்நாட்டுக்குப் பயணம் செல்லும் நம்மவர் பெட்டியில் அந்தத் தைலம் இல்லாமல் இருப்பது அரிது. நல்ல மருந்துக்கு இனமில்லை.

ஆனால், பெரியோர்களே, தீய மருந்துக்கும் இனமில்லை. இதை நான் பெருந்துன்பப்பட்டே அறிந்தேன்.

என் தங்கை மகளுக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. மாநிறமான பெண். "மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் சிவப்பு, பக்கத்தில் நின்றால் எடுபடுமா?" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். பெண் அழுதாள். நான் ஒரு கடைக்குச் சென்று, "முழுவதும் மூலிகை, பக்கவிளைவு இல்லை" என்று எழுதியிருந்த முகப்பூச்சு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுத்தவள் நானே. வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

சில வாரங்களில் முகம் வெளுத்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். பின்னர், காலையில் எழுந்தால் கண்ணிமை வீங்கத் தொடங்கியது. கால் வீங்கியது. சிறுநீர் நுரைத்தது. மருத்துவர் பலவும் கேட்டுவிட்டு இறுதியில், "முகத்திற்கு என்ன தடவுகிறாய்?" என்றார். அந்தப் பூச்சைச் சோதித்துப் பார்த்தபோது அதில் பாதரசம் இருந்தது தெரிந்தது. சிறுநீரகம் பழுதடைந்திருந்தது. திருமணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. நல்ல வேளையாக அவள் குணமடைந்தாள். மாப்பிள்ளை வீட்டாரும் காத்திருந்தார்கள். ஆனால் அந்த ஓராண்டில் நான் நிம்மதியாக உறங்கிய இரவுகள் மிகச் சில.

தோட்டத்தில் பிறந்த நான் இதை முன்பே உணர்ந்திருக்க வேண்டும். 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. 1888-ஆம் ஆண்டில் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். இன்று உங்கள் கையிலுள்ள தொழிலின் அடிப்படை அதுதான். பட்டை என்பது மரத்தின் தோல். கத்தி ஆழமாகப் பாய்ந்து கட்டையைத் தொட்டால், புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பால் பெருகுவதற்காகப் பட்டையில் தடவும் மருந்தை அளவுக்கு மீறித் தடவினால் என்ன ஆகும்? முதலில் மங்கு நிரம்பி வழியும். பிறகு பட்டை வறண்டு பால் நின்றுபோகும். பாதரசப் பூச்சின் கதையும் அதுவே. முதலில் முகம் ஒளிரும். பிறகு உள்ளே உறுப்பு கெடும்.

நம் தோலுக்கு நிறம் தரும் பொருள், வெயிலிலிருந்து நம்மைக் காக்க இயற்கை விரித்த குடை. பாதரசம் அந்தப் பொருள் உருவாகாமல் தடுக்கிறது. அதுமட்டுமன்று; தோலின் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. வயிற்றிலுள்ள சிசுவையும் அது பாதிக்கும். ஒருவர் தடவினால் போதும். துண்டு, தலையணை வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது பரவும். இதனாலேயே, 2013-ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாத்தா உடன்படிக்கை பாதரசப் பூச்சுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கிறது. சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் இத்தகைய பூச்சுகளைப் பற்றிப் பலமுறை எச்சரித்துள்ளது.

அப்படியானால் பாட்டியின் வைத்தியத்தைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. நானே பயற்றமாவு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு ஆகியவற்றை வாங்கி, வீட்டில் அரைத்து நலங்கு மாவு செய்கிறேன். உலர்ந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் 2011-ஆம் ஆண்டில் மூலிகைத் தோட்டம் ஒன்றைத் திறந்தார்கள். அங்கே 400-க்கும் மேற்பட்ட மருந்துச் செடிகள் உள்ளன. ஆனால் எந்தச் செடியையும் அங்கே பறித்து உண்ண விடுவதில்லை. மூலிகையிலும் நஞ்சு உண்டு. அளவு தெரிந்தவர் கையில்தான் அது மருந்தாகும்.

ஆகவே, சில வழிமுறைகளைத் தாழ்மையுடன் கூற விரும்புகிறேன். முதலாவது, என்னென்ன பொருள்கள் கலந்துள்ளன என்று எழுதப்படாத பூச்சை வாங்காதீர்கள். இரண்டாவது, மலேசியாவில் முறைப்படி விற்கும் முகப்பூச்சுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் உண்டு. பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தின் எண் எம்.ஏ.எல். என்று தொடங்கி, டி என்ற எழுத்தில் முடியும். எண்ணைப் போலியாகவும் அச்சிடலாம் என்பதால், பிள்ளைகளிடம் கொடுத்து, தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது, சில நாட்களிலேயே வெளுக்கும் என்று யார் சொன்னாலும் விலகி நில்லுங்கள். நான்காவது, கையில் ஆசிட் பட்டால் மஞ்சளோ பற்பசையோ தடவாதீர்கள். உடனே ஓடும் நீரில் இருபது நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். ஐந்தாவது, மருத்துவரைக் காணும்போது, வீட்டில் உண்ணும் மருந்தையும் தடவும் பூச்சையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். எங்கள் பெண்ணைக் காப்பாற்றியது அந்த ஒரு கேள்விக்கு அவள் சொன்ன உண்மையான விடைதான்.

தாய்மார்களே! கடைசியாக ஒன்று சொல்லி அமர்கிறேன். விடியுமுன் எழுந்து, மழையிலும் வெயிலிலும் உழைத்து, நம்மைப் படிக்கவைத்தவர்களின் நிறம் கருமை. அது நோயன்று, அதற்கு மருந்தும் தேவையில்லை. என் தங்கை மகள் தன் சொந்த நிறத்துடனேயே மணவறையில் அமர்ந்தாள். நலங்கு வைக்கும் முறை என்னிடம் வந்தபோது, மஞ்சளைக் கையில் எடுத்து, "மகளே, என்னை மன்னித்துவிடு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "இதில் என்ன கலந்திருக்கிறது, பெரியம்மா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். அன்பானவர் கொடுத்தாலும் கேளுங்கள்.