இரண்டு முகம் கொண்ட டீசல் எஞ்சின்

டீசல் எஞ்சின் என்றதும் குதிரைத்திறன், வேகம் என்றுதான் பேச்சு ஓடும். பயணிகள் ரயிலை இழுக்கும் எஞ்சின்களை எடைபோட நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: ஓட்டுகிறவர் கண்ணுக்கு முன்னால் என்ன தெரிகிறது?

1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்து, பிறகு வாராணசி தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் பெருகியது டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின். 2600 குதிரைத்திறன். நம் எக்ஸ்பிரஸ்களைப் பல பத்தாண்டுகள் இழுத்தது இதுதான். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது அது கக்கிய கரும்புகையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காரணம் இதுதான். சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகையின் வேகம். டிரைவர் சக்தியைக் கூட்ட நாட்ச் ஏற்றியதும் டீசல் உடனே பாய்ந்துவிடும். டர்போ வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அடுப்பில் விறகைத் திணித்துவிட்டு ஊதுகுழலைத் தேடுகிற கதை.

2001-ல் அமெரிக்காவின் இ.எம்.டி. வடிவமைப்பில் வந்த டபிள்யூ.டி.பி.-4 இதை அழகாகத் தீர்த்தது. புகைக்கு வேகம் வரும்வரை எஞ்சினே பல்சக்கரம் வழியாக டர்போவைச் சுழற்றும். வந்ததும் கிளட்ச் விலகிக்கொள்ளும். எஞ்சினும் இரண்டு ஸ்ட்ரோக், சக்தி 4000 குதிரைத்திறன், வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். பழைய டி.சி. மோட்டார்கள் போய் மூன்று ஃபேஸ் ஏ.சி. மோட்டார்கள் வந்தன. இவற்றில் தேயும் கார்பன் பிரஷ் கிடையாது. ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

ஆனால் ஒரு கணக்கு இடறியது. பயணிகள் ரயிலுக்குப் போதும் என்று ஆறு அச்சில் நான்குக்கு மட்டுமே மோட்டார் வைத்தார்கள். ஓடும்போது குறையில்லை. 24 பெட்டிகளை நின்ற இடத்திலிருந்து கிளப்புவதற்கு நான்கு மோட்டாரின் பிடி போதாது, மழையில் நனைந்த தண்டவாளத்தில் கேட்கவே வேண்டாம். அடுத்து வந்த டபிள்யூ.டி.பி.-4பி-யில் ஆறு அச்சுக்கும் மோட்டார், 4500 குதிரைத்திறன்.

இத்தனை செய்தும் கேபின் ஒன்றுதான், அதுவும் ஒரு ஓரத்தில். கேபின் முன்னால் இருந்தால் பாதை விரிந்து தெரியும். ரயில் திசை மாறும் ஊரில் எஞ்சினைத் திருப்ப வசதி இல்லையென்றால், நீண்ட முதுகை முன்னே விட்டுத்தான் ஓட்டவேண்டும். அப்போது லோகோ பைலட்டின் பார்வையில் பாதி எஞ்சினின் உடம்பு. தன் பக்கத்து ஜன்னல் வழியே தெரிவதுதான் அவர் பார்க்கும் உலகம். மறுபக்கம் வளைகிற பாதையில் சிக்னலை உதவியாளர் பார்த்து உரக்கச் சொல்ல, அதை நம்பிப் போகவேண்டும். பின்னால் ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு, அந்த எஞ்சினின் ஆகப் பெரிய குறை அதுதான்.

4டி-யில்தான் அது தீர்ந்தது. இரண்டு முனையிலும் கேபின். எந்தப் பக்கம் போனாலும் ஓட்டுநருக்கு முன்னால் எஞ்சினின் உடம்பு இல்லை. உருவம் அழகில்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சதுர முகம் இரண்டும் பிடிக்கும். இந்த வகையில் சில எஞ்சின்கள் பெட்டிகளின் விளக்குக்கும் ஏ.சி.க்கும் தாங்களே மின்சாரம் கொடுக்கின்றன. தனி ஜெனரேட்டர் பெட்டியின் இரைச்சலும் டீசல் செலவும் மிச்சம்.

ரயில் பாதைகளில் மின்மயமாக்கல் பரவிவிட்டதால் வாராணசியில் இப்போது பெரும்பாலும் மின்சார எஞ்சின்கள்தான் உருவாகின்றன. டீசல் இன்னும் ஓடுகிற பாதைகளில் ஒரு குறை அப்படியே நிற்கிறது: பெரும்பாலான எஞ்சின்களில் கழிவறை இல்லை. மணிக்கணக்கில் இறங்க முடியாத வேலை, பெண்களும் ஓட்டுகிறார்கள். இரண்டாவது கேபினுக்கு இடம் கண்டுபிடித்தவர்களால் இதற்கும் கண்டுபிடித்திருக்க முடியும்.