விளக்குக்கும் ஒரு சாரதி



விளக்கு ஒன்று எரியாமற் போனால் நாம் முதலிற் செய்வது யாது? அதனைக் கையால் தட்டிப் பார்க்கிறோம். தட்டியும் எரியவில்லையென்றால், விற்ற கடைக்காரரைக் குறை கூறுகிறோம். பழுது எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே, பழி யாருக்கு உரியது என்று தீர்மானித்துவிடுகிறோம். இந்தப் பழக்கம் எத்துணை இழப்பைத் தரும் என்பதைத் தலவாக்கலைப் பகுதியில் நான் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியைக் கொண்டு இன்று சொல்ல விரும்புகிறேன்.

தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர். ஊரை ஒட்டி ஓடும் கொத்மலை ஓயாவை மறித்துக் கட்டிய அணையினால், 2012ஆம் ஆண்டு முதல் மேல் கொத்மலை நீர்மின் நிலையம் 150 மெகாவாற்று வரை மின்சாரம் ஆக்கும் ஆற்றலுடன் இயங்கிவருகிறது. மின்சாரம் பிறக்கும் ஊர்தான். ஆனால் சூரிய ஒளிக்கு அங்கே பஞ்சம் உண்டு. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்தில், பகலிலும் மூடுபனி இறங்கி மலைகளை மறைத்துவிடும். தேயிலைக்கு இதனாற் பெருங்கேடில்லை. தேயிலையின் இளந்துண்டங்களை நாற்றுமேடையில் நிழலிட்டே வேர்விடச் செய்கிறார்கள். 1925ஆம் ஆண்டு தோன்றி, தலவாக்கலைக்கு அருகே சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் நாற்றுமேடைகளைக் கண்டவர்கள் இதனை அறிவார்கள். காய்கறி நாற்றுகளின் இயல்பு வேறு. கோவாவும் சலாதும் போதிய ஒளி பெறாவிடின், ஒளியைத் தேடி வெளிறி நீண்டு, தம் தலையைத் தாமே தாங்கமாட்டாமற் சாய்ந்துவிடும்.

அங்கே ஒரு தோட்டத்து லயத்தில் ஓர் இளைஞர் கோவா நாற்று வளர்த்து விற்று, வீட்டுக்குச் சிறிது வருவாய் தேட முனைந்திருந்தார். தாயார் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. காம்பிராவின் ஒரு மூலையில் தட்டுகள் அடுக்கி, அவற்றின் மேல் தம் கையாலேயே செய்த விளக்கொன்றைத் தொங்கவிட்டிருந்தார். ஓர் அலுமினியத் தகட்டில், ஒவ்வொன்றும் மூன்று வாற்றுக் கொண்ட பத்து வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளைத் தொடராக இணைத்து, பழைய முற்றத்து விளக்கொன்றிலிருந்து கழற்றிய டிரைவர் என்னுங் கருவியால் அவற்றுக்கு மின்சாரம் ஊட்டினார். பாடநூல்கள் ஒளிகாலும் இருவாயி என்று அழைக்கும் பொருளே இந்த எல்.ஈ.டி. சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. பிறகு விளக்கு கெட்டது. புதிய டிரைவர் வாங்கினார். அதுவும் கெட்டது போலத் தோன்றிற்று. நான் சென்ற நாளில் நாற்றுகள் ஒருபுறம் சாய்ந்து கிடந்தன. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவருக்கு இருநூறு கன்றுகள் தருவதாக வாக்களித்த நாளும் நெருங்கியிருந்தது. இளைஞரோ பட்டணத்துக் கடைக்காரரிடம் நியாயங் கேட்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

“சற்றுப் பொறுங்கள் தம்பி, அந்த டிரைவரை ஒருமுறை பார்ப்போம்” என்றேன். அதைக் கேட்ட தாயார், “டிரைவரா ஐயா? லொறிக்குத்தானே டிரைவர் இருக்கும், விளக்குக்குமா?” என்று சிரித்தார். அவர் சிரித்தாலும், அந்தப் பெயர் பொருத்தமானதே. விளக்குக்கும் ஒரு சாரதி வேண்டும்.

ஏன் வேண்டும் என்பதைச் சொல்லுகிறேன். பழைய இழை விளக்கில் மின்னழுத்தம் சிறிது கூடினால் ஒளி சிறிது கூடும். எல்.ஈ.டி. அப்படிப்பட்டதன்று. அழுத்தம் சிறிது ஏறினாலும் அதனூடே பாயும் மின்னோட்டம் பன்மடங்கு ஏறி, விளக்கையே எரித்துவிடும். ஆதலால் அழுத்தத்தைவிட ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதே முறை. ஏற்றத்திலும் இறக்கத்திலும் லொறியை ஒரே வேகத்திற் செலுத்தும் சாரதியைப் போல, டிரைவர் ஓட்டத்தை ஒரே அளவில் நிறுத்துகிறது. விளக்குகளுக்கு வேண்டிய அழுத்தத்தை அவையே நிர்ணயிக்க விடுகிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நண்பர் வாங்கிய டிரைவரின் மேல், வெளியீடு 26 முதல் 40 வோல்ற்று, ஓட்டம் 600 மில்லியம்பியர் என்று அச்சிட்டிருந்தது. அந்த எழுத்தை அவர் படித்திருந்தார். அதன் பொருளை எண்ணிப் பார்க்கவில்லை.

முதலில் நான் கேட்டது, பழுது எப்படித் தோன்றியது என்பதே. நோயாளியைத் தொடுவதற்கு முன் மருத்துவர் கேள்வி கேட்பதில்லையா? பழைய டிரைவர் விடியற்காலைக் குளிரில் எரிய மறுத்தது. பல முறை துடித்துத் துடித்து, சற்றுச் சூடேறிய பின்னரே எரியத் தொடங்கிற்று. நாளடைவில் எரியாமலே நின்றுவிட்டது. புதியதோ இதற்கு நேர்மாறு. குளிரில் நன்றாக எரிந்தது. பத்து நிமிடங் கழித்துச் சூடேறியதும் கண் சிமிட்டுவது போல அணைந்து அணைந்து எரிந்தது. ஒன்று குளிருக்கு அஞ்சியது, மற்றொன்று வெம்மைக்கு அஞ்சியது. இந்த வேறுபாட்டையே அவர் கவனிக்கத் தவறியிருந்தார். இரண்டுக்கும் ‘கெட்டுப்போச்சு’ என்ற ஒரே பெயரைச் சூட்டிவிட்டார்.

இனி ஓர் எச்சரிக்கை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. டிரைவரினுள்ளே அது நேரோட்டமாக மாறும்போது அங்குள்ள பெரிய கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ற்று தேங்கி நிற்கும். செருகியைப் பிடுங்கிய பின்னும் அது உடனே மறைந்துவிடுவதில்லை. ஆகவே, மின்சாரத்தைத் துண்டித்து, சில நிமிடங் காத்து, தகுந்த தடையி ஒன்றினூடே அந்த மின்னேற்றத்தை வடித்து, மீட்டரில் சுழியம் காட்டிய பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். ஆணிமுறுக்கியால் இரு முனைகளையும் தொடுத்து வடிப்பது மூடத்தனம். மலிவான டிரைவர்கள் சிலவற்றில் வெளியீட்டுக் கம்பிகளும் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பு கொண்டவை. எனவே எரியும்போது அலுமினியத் தகட்டைத் தொடலாகாது. அதனை நிலத்தொடுப்பில் இணைத்திருக்க வேண்டும். ட்ரிப் சுவிச் இல்லாத இணைப்பில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது. ஈரமான தரையுள்ள காம்பிராவில் இவ்விதிகள் இரட்டிப்பு அவசியமானவை. இவற்றில் பழக்கமில்லாதவர்கள் மின்வினைஞரை அழைப்பதே அறிவுடைமை.

மூடியைத் திறந்ததும் பழைய டிரைவரின் நோய் ஓரளவு கண்ணுக்கே புலப்பட்டது. உள்ளே இருந்த ஒரு சிறு கொள்ளளவியின் தலை மெல்லப் புடைத்திருந்தது. டிரைவரை இயக்குஞ் சிறு சில்லுக்கும் உணவு வேண்டும். அது தொடங்குவதற்கு வேண்டிய உணவைச் சேர்த்துவைக்கும் பாத்திரமே அந்தக் கொள்ளளவி. அதனுள் உள்ள திரவம் வெம்மையால் வற்றினால் பாத்திரம் சிறுத்துவிடுகிறது. குளிரில் அதன் வலிமை மேலும் குன்றுகிறது. அதனாலேதான் விடியலில் சில்லு விழிக்க மறுத்தது.

அது ஏன் இத்துணை விரைவில் வற்றிற்று? நண்பர் மழையீரம் படாதிருக்கட்டும் என்று எண்ணி, டிரைவரை விளக்குத் தகட்டின் முதுகிலேயே ஒட்டி, ஒரு பெட்டியால் மூடியிருந்தார். இத்தகைய கொள்ளளவியின் ஆயுள், வெப்பம் பத்துப் பாகை ஏறுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் கணக்கு. 105 பாகை செல்சியசில் 2000 மணி நேரம் உழைக்கும் ஒன்று, 85 பாகையில் 8000 மணி நேரமும் 65 பாகையில் 32,000 மணி நேரமும் உழைக்கும். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் விளக்கெரிந்தால், முன்னது 500 நாட்கள். பின்னது 2000 நாட்கள். டிரைவரை ஒரு சாண் தள்ளி, காற்றோட்டமான சுவரில் பொருத்துவதனால் மட்டும் நான்கு மடங்கு ஆயுள் கிடைக்கக்கூடும். அதே கொள்ளளவும், அதே அல்லது அதற்கு மேற்பட்ட வோல்ற்றும், 105 பாகைக் குறியீடும் உடைய வேறொரு கொள்ளளவியை, நேர்முனை எதிர்முனை மாறாமல் பற்றவைத்தோம். இறந்ததாகக் கருதி ஒதுக்கிய டிரைவர் மறுபடியும் உயிர் பெற்றது.

அடுத்து, கடைக்காரர் மேல் பழி சுமத்தப்பட்ட புதிய டிரைவர். அதனுள்ளே புடைப்போ கருகலோ இல்லை. விளக்குகளை ஒவ்வொன்றாக மீட்டரால் சோதித்தோம். பத்தும் நலமாக இருந்தன. “புதியதை மாட்டிய நாளில் வேறு எதையாவது மாற்றினீர்களா?” என்று கேட்டேன். அவர் சிறிது யோசித்து, “ஆமாம் ஐயா, ஆறு வெள்ளையைக் கழற்றிச் சிவப்பு போட்டேன். செடிக்குச் சிவப்புத்தான் நல்லது என்றார்கள்” என்றார்.

பழுதின் வேர் அங்கேதான் இருந்தது. வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3.2 வோல்ற்று வேண்டும், சிவப்புக்கு 2.2 போதும். பத்தும் வெள்ளையாக இருந்தபோது மொத்தம் 32 வோல்ற்று. டிரைவரின் எல்லைக்குள் நடுநாயகமாக நின்றது. ஆறு சிவப்பும் நான்கு வெள்ளையுமாக மாறியபோது மொத்தம் 26, எல்லையின் விளிம்பு. எல்.ஈ.டி. சூடேறும்போது அதற்கு வேண்டிய அழுத்தம் சிறிது குறைவது இயற்கை. மீட்டரின் முனைகளை மின்சாரம் இல்லாதபோதே பொருத்தி, பின்னர் விளக்கை ஏற்றி, நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கொப்பியில் எழுதி வந்தோம். தொடக்கத்தில் 26.6, மெல்ல மெல்ல இறங்கி 25.8 ஆனபோது விளக்கு சிமிட்டத் தொடங்கிற்று. அணைத்துத் தகட்டை ஆறவிட்டு மறுபடி ஏற்றினோம். மறுபடியும் நிலையாக எரிந்து, அதே அளவிலேயே சிமிட்டிற்று.

காரணம் எளிது. இவ்வகை டிரைவரில், ஓடத் தொடங்கிய பின் சில்லுக்குரிய உணவு வெளியீட்டு அழுத்தத்திலிருந்தே ஒரு பங்காகக் கிடைக்கிறது. வெளியீடு எல்லைக்குக் கீழே இறங்கினால் அந்தப் பங்கும் குறைந்து, சில்லு பசியால் மயங்கி ஓய்கிறது. சிறிது சேர்ந்ததும் மறுபடி எழ முயல்கிறது. நாம் சிமிட்டல் என்று காண்பது அந்த முயற்சியைத்தான். முதல் டிரைவரில் பாத்திரம் சிறுத்தது. இரண்டாவதில் படி அளக்கப்பட்டது குறைந்தது. சாரதி குற்றமற்றவர், அவரிடம் ஒப்படைத்த வண்டிதான் பொருந்தாதது.

மருந்தும் எளிதே. கழற்றி வைத்திருந்த வெள்ளை விளக்குகளில் இரண்டைத் தொடரிற் சேர்த்தோம். மொத்தம் 32 வோல்ற்றுக்குச் சற்று மேலே சென்றது. ஒரு மணி நேரம் பார்த்தோம், ஒருமுறையும் சிமிட்டவில்லை. இதைச் செய்யும்போது ஒன்றை மறவாதீர்கள். டிரைவருக்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில் விளக்குத் தொடரை மாட்டலாகாது. சுமையின்றி உயர்ந்து நிற்கும் அழுத்தம் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து விளக்குகளைக் கொன்றுவிடும்.

சிவப்பு ஒளி பற்றியும் ஒரு வார்த்தை. இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உறிஞ்சுவது உண்மையே. ஆயினும் வெள்ளை எல்.ஈ.டி.யின் உள்ளே இருப்பதும் நீல ஒளி தரும் இருவாயிதான். அதன் மேற் பூசிய பொருள் அந்நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.ஈ.டி.யை அமெரிக்கரான நிக் ஹொலொனியாக் 1962இல் ஆக்கிக் காட்டினார். ஒளிமிக்க நீலம் கைவரப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. அதற்காக அகசாக்கி, அமானோ, நக்கமுரா என்னும் மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் அடங்கிய வெள்ளொளியே கோவா நாற்றுக்குப் போதும். பணம் கொடுத்துச் சிவப்பு விளக்கு வாங்க வேண்டிய தேவை நண்பருக்கு இருக்கவில்லை.

நேயர்களே, அந்த இளைஞர் செய்த பிழை அறியாமையினால் விளைந்ததன்று. ஒரே நாளில் இரண்டு பொருள்களை மாற்றினார். அதனால் எந்த மாற்றம் எந்தப் பழுதைத் தந்தது என்று அவராற் பிரித்தறிய முடியவில்லை. பழுது பார்ப்போர் எவரும் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி இதுவே: ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுக, மாற்றியதை எழுதி வைக்க, மாற்றத்தின் விளைவைப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுக.

அன்று மாலை அவர் கடைக்குச் செல்லவில்லை. சாய்ந்து கிடந்த நாற்றுகளில் மிக நீண்டவை பிழைக்கவில்லை. அந்தத் தட்டுக்கு மறுபடி விதை தூவ வேண்டியதாயிற்று. வாக்களித்த நாளை இரண்டு வாரம் தள்ளித் தருமாறு தோட்டக்காரரிடம் தாயாரே சென்று கேட்டார், அவரும் இசைந்தார். சில வாரங்களின் பின் நான் அவ்வழியே சென்றபோது, காம்பிராவின் சிறு சாளரத்தினூடே வெள்ளொளி அசையாமல் தெரிந்தது. உள்ளே தட்டுகளில் கன்றுகள் குட்டையாக, தடித்த தண்டோடு நிமிர்ந்து நின்றன. சுவரில் ஒரு டிரைவர் தொங்கிற்று. பழுது நீங்கிய மற்றது, அவசரத்துக்கு உதவட்டும் என்று பெட்டியில் இருந்தது. அதன் மேல் ஒரு சிறு துண்டுத் தாளில், கொள்ளளவி மாற்றிய திகதியை அவர் தம் கையால் எழுதி ஒட்டியிருந்தார்.