நாம் வெறும் விலங்குகளா?



மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகள் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "மனிதனும் ஒரு விலங்கு என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். கோவிலில் மனிதன் கடவுளின் சாயல் என்கிறீர்கள். எது உண்மை?" கேட்ட பிள்ளையை அதட்டி உட்கார வைக்காமல், நாமும் அவனோடு சேர்ந்து விவிலியத்தைத் திறந்து பார்ப்போம்.

தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கப்படவில்லை. கால்நடைகளும் காட்டு விலங்குகளும் படைக்கப்பட்ட அதே ஆறாம் நாளில்தான் மனிதனும் படைக்கப்படுகிறான். இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் மனிதனை மண்ணிலிருந்து உருவாக்குகிறார். விலங்குகளையும் மண்ணிலிருந்தே உருவாக்குகிறார். இருவருக்கும் ஒரே சாவு, ஒரே மூச்சு என்று சபை உரையாளர் வெளிப்படையாகவே எழுதிவிட்டார். ஆகவே, நம் உடல் விலங்கினத்தோடு உறவுடையது என்று அறிவியல் சொல்லும்போது நாம் பதற வேண்டியதில்லை. மனித உடலின் தோற்றம் பற்றி அறிஞர்கள் ஆராயலாம், ஆன்மாவையோ கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

அப்படியானால் கடவுளின் சாயல் நம்மிடம் எங்கே இருக்கிறது? "நமக்கு ஆறறிவு" என்று உடனே பதில் சொல்வோம். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, மனிதனை ஆறாம் படியில் வைத்தது நம் தொல்காப்பியம். பகுத்தறிவு இறைவனின் பெருங்கொடைதான், ஐயமில்லை. ஆனால் சாயல் முழுவதையும் அறிவிலேயே வைத்துவிட்டால் இரண்டு சிக்கல்கள் வரும்.

முதலாவது, நாம் நினைத்ததைவிட விலங்குகள் கெட்டிக்காரை உள்ளவை. 1960ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் என்ற இளம்பெண் சிம்பன்சிக் குரங்குகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு சிம்பன்சி புல்தண்டைக் கரையான் புற்றுக்குள் விட்டு, அதில் ஒட்டிக்கொண்ட கரையான்களை எடுத்துத் தின்றது. இன்னொரு முறை குச்சியிலிருந்த இலைகளை உருவிவிட்டு, அதைக் கருவியாக்கிக்கொண்டது. கருவி செய்யத் தெரிந்த ஒரே உயிர் மனிதன் என்று அதுவரை எழுதி வைத்திருந்ததைத் திருத்த வேண்டியதாயிற்று.

இரண்டாவது சிக்கல் இன்னும் கொடியது. அறிவை அளவுகோலாக்கினால், அந்தக் கோலைக் கையில் பிடித்திருப்பவன் தன்னை எப்போதும் மேலேதான் வைத்துக்கொள்வான். இது வரலாற்றில் நடந்தது. கொலம்பஸ் கண்ட ஹிஸ்பானியோலா தீவில் ஸ்பெயின் நாட்டவர் குடியேறி, அங்கிருந்த பூர்வகுடி மக்களைத் தங்கச் சுரங்கங்களில் மாடுகளைப்போல வேலை வாங்கினார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1511ஆம் ஆண்டு, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. சாமிநாதர் சபைத் துறவி அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் மறையுரை மேடையில் ஏறினார். கீழே ஆளுநர் உட்பட ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்திருந்தார்கள். இவர்கள் மனிதர்கள் இல்லையா, இவர்களுக்கு ஆன்மா இல்லையா என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார். கோவிலுக்குள் இருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பேசியதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறும் அவர் அதையேதான் பேசினார்.

அத்தீவில் வாழ்ந்த பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற குரு, பின்னர் 1514இல், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பூர்வகுடி மக்களை விடுவித்து, அவர்களுக்காகவே வாழ்நாளெல்லாம் வாதாடினார். 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அம்மக்கள் உண்மையான மனிதர்களே, அவர்களுடைய விடுதலையையும் உடைமையையும் பறிக்கக்கூடாது என்று அறிவித்தார். அதற்குப் பிறகும் கொடுமை ஓயவில்லை என்பது வேதனையான உண்மை. கொடுமை செய்தவர்களும் ஞாயிறு தவறாமல் திருப்பலி கண்டவர்கள்தான் என்பதை நாம் மறக்கக்கூடாது.

அன்புக்குரியவர்களே, கடவுளின் சாயல் நம் திறமைக்குக் கிடைத்த பரிசு அல்ல. தாயின் முகச்சாயல் பிள்ளைக்குப் பிறப்பிலேயே வருகிறது. பிள்ளை படித்தாலும் படிக்காவிட்டாலும், நடந்தாலும் படுத்துக்கிடந்தாலும் அந்தச் சாயல் போவதில்லை. அப்படித்தான் இதுவும். நினைவு தப்பி, பெற்ற மகனையே "நீ யாரப்பா?" என்று கேட்கும் மூதாட்டியிடமும் அது குறையாமல் இருக்கிறது. இன்னும் பேச்சு வராத குழந்தையிடமும் இருக்கிறது. கழிவுகளைக் கையால் அகற்றும் வேலையில் மனிதரை ஈடுபடுத்தக்கூடாது என்று 2013இல் சட்டம் வந்த பின்பும், கழிவுநீர்க் குழிக்குள் இறக்கிவிடப்படும் தொழிலாளியிடமும் அதே சாயல்தான் இருக்கிறது. அவர் மூச்சுத் திணறிச் சாகும்போது, ஆண்டவர் ஊதிய மூச்சு அங்கே அடைக்கப்படுகிறது.

ஆகவே, "நான் விலங்கா, தெய்வச் சாயலா?" என்ற கேள்விக்கு நாம் தரும் பதில், அடுத்தவரை நடத்தும் விதத்தில்தான் வெளிப்படும். வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோமா? கோபத்தில் பிள்ளையை "மாடே, கழுதையே" என்று திட்டுகிறோமா? ஆண்டவரைப் போற்றும் அதே நாவால், அவருடைய சாயலில் உண்டான மனிதரைச் சபிப்பது தகாது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் நம்மைக் கண்டிக்கிறார்.

திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் சாம்பல் பூசினார்கள். நாம் மண் என்று அது சொன்னது. உறுதிப்பூசுதல் நாளில் அதே நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசினார்கள்; நாம் கடவுளுக்குரியவர்கள் என்று அது சொன்னது. இரண்டும் உண்மை. மண் என்பதை மறந்தால் ஆணவம் வரும். கடவுளுக்குரியவர்கள் என்பதை மறந்தால், முதலில் அடுத்தவரையும் பிறகு நம்மையும் மலிவாக எண்ணிவிடுவோம்.

இந்த வாரம், நாம் பெயர் சொல்லிக்கூட அழைத்திராத ஒருவரை, தெருவைப் பெருக்குபவரையோ குப்பை வண்டி தள்ளுபவரையோ, பெயர் கேட்டு மரியாதையோடு அழைப்போம். வீட்டில் படுக்கையில் கிடப்பவரின் அருகில் கால் மணி நேரம் உட்காருவோம்.

மண்ணிலிருந்து எங்களை உருவாக்கி, உமது மூச்சால் வாழச் செய்த ஆண்டவரே, ஒவ்வொரு முகத்திலும் உமது சாயலைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.