கீழடிக்கு ஒரு நியாயம், நம் ஆய்வகத்துக்கு ஒரு நியாயமா?



கீழடிக்காக நாம் குரல் கொடுத்தோம். அங்கே அகழாய்வை நடத்திய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணனை 2017-இல் அசாமுக்கு மாற்றியபோது கொதித்தோம். 2023 ஜனவரியில் அவர் 982 பக்க அறிக்கை கொடுத்தார். மத்தியத் தொல்லியல் துறை அதை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து, 2025 மே மாதம் திருத்திக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பியது. மண்ணடுக்கும் கரிமக் கணிப்பும் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன் என்று பதில் எழுதினார் அவர். தமிழ்நாடே அந்தப் பதிலைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டிய பதில்தான் அது!

மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், கி.மு. 580 என்ற கணிப்போடு வந்தது. எந்த ஆழம், எந்த ஆய்வகம் என்று யாரும் கேட்கலாம். விடை அச்சில் இருக்கிறது. கேள்விக்கு நெஞ்சைத் திறந்து காட்டுகிற எண் அது. அதனால்தான் டெல்லியிடம் தலைநிமிர்ந்து வாதாட முடிகிறது.

அதே கேள்வியை நம் பல்கலைக்கழக ஆய்வகத்தின் வாசலில் நின்று கேட்கிறோமா? ஆய்வேடு எழுதித் தரப்படும், கட்டுரை வெளியிட்டுத் தரப்படும் என்று பகிரங்கமாக விளம்பரம் செய்கிறார்கள். காசு கட்டினால் சில நாளில் அச்சேற்றும் ஜர்னல்கள் இருக்கின்றன. 2013-இல் அமெரிக்காவின் சயன்ஸ் இதழுக்காக ஒரு நிருபர், வேண்டுமென்றே பிழைகளை நிரப்பிய போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அப்படி ஏற்றவற்றில் இந்தியாவிலிருந்து நடப்பவை ஏராளம். வாங்க ஆள் இல்லாமல் இந்தக் கடை நடக்குமா? வாங்குகிறவர்கள் யார்? பதவி உயர்வுக்குக் கட்டுரைக் கணக்கு காட்ட வேண்டியவர்களும், தரவரிசைக்கு எண்ணிக்கை காட்ட வேண்டிய நிர்வாகங்களும்தான்!

பிடிபட்டால் தண்டனை யாருக்கு? 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டுக்கு எதிராக விதி கொண்டுவந்தது. மாணவரின் ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் நகல் என்றால் பதிவே ரத்து. ஐந்தாறு ஆண்டு உழைப்பும் வாழ்க்கையும் போயிற்று. அதே அளவு நகலைப் பேராசிரியர் தன் கட்டுரையில் செய்தால்? கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது, மூன்று ஆண்டு புதிய மாணவருக்கு நெறியாளராக இருக்க முடியாது. மீண்டும் செய்தால்தான் வேலையைப் பறிப்பது பற்றிய பேச்சே வரும். கற்றுக்கொள்ள வந்தவருக்கு வாழ்க்கை போகிறது, கற்றுக்கொடுக்க வந்தவருக்கு இன்கிரிமென்ட் போகிறது. இதை நியாயம் என்று இந்த அரங்கில் ஒருவர் எழுந்து சொல்லட்டும்!

அந்த விதியும் நகலைத்தான் பிடிக்கும். சோதனையே செய்யாமல் எண்ணை எழுதினால் எந்த மென்பொருள் பிடிக்கும்? சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்து நிலவியல் பேராசிரியர் வி.ஜே. குப்தா, இமயத்தில் எடுத்த தொல்லுயிர் எச்சங்கள் என்று இருபத்தைந்து ஆண்டுக்கும் மேல் கட்டுரை எழுதிக் குவித்தார். மொராக்கோவிலும் நியூயார்க்கிலும் கிடைக்கும் எச்சங்கள் அவர் கட்டுரையில் இமயத்தில் முளைத்தன. 1989-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் டேலண்ட் நேச்சர் இதழில் அம்பலப்படுத்தினார். விசாரணையில் குற்றம் உறுதியானது. ஆனாலும் குப்தா ஓய்வு பெறும்வரை பல்கலைக்கழக வேலையில் இருந்தார்! இமயத்தின் வயதைக் குழப்பியவருக்குக் கிடைத்த சலுகை அது. கீழடியின் வயதை உள்ளபடி சொன்னவருக்குக் கிடைத்தது இடமாற்றம்.

குமாவோன் பல்கலைக்கழக விவகாரத்திலும் வெளிநாட்டுக் குரல் கேட்ட பிறகே அசைவு வந்தது. துணைவேந்தர் பெயரில் வந்த கட்டுரை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியரின் கட்டுரையிலிருந்து எடுத்தது என்று, 2002-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்குக் கடிதம் வந்தது. அதன் பிறகே விசாரணை, அடுத்த ஆண்டு பதவி விலகல். நம் திருட்டை நமக்கு எடுத்துச் சொல்லக் கடல் கடந்து ஆள் வர வேண்டுமா?

பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியாமல் இது நடக்காது. ஆய்வு மாணவருக்குக் கண்டிப்பாகத் தெரியும். ஆனால் உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளை எப்படி வாய் திறக்கும்? உதவித்தொகைத் தாளில் கைடு கையெழுத்துப் போட வேண்டும். வைவா நடக்கவும் அவர் மனது வைக்க வேண்டும். அந்தப் பேனாவைக் காட்டியே, இல்லாத எண்ணை எழுதச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்?

நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் சம்பளத்துக்கே தவிக்கிறதே, இந்த நேரத்தில் இதைப் பேசினால் பெயர் கெடாதா என்கிறார்கள் நண்பர்கள். நான் நேராகச் சொல்கிறேன்: அரசிடம் நிதி கேட்கும்போது நம் கையில் இருக்கும் ஒரே வலு, நம் ஆய்வை நம்பலாம் என்பதுதான். அதையும் இழந்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பீர்கள்?

ஆய்வேட்டில் பொய் இருந்தால், அதில் பெயர் போட்ட நெறியாளரும் அதே தண்டனையை ஏற்க வேண்டும். விசாரணைக் குழுவில் வெளிப் பல்கலைக்கழகத்தவர் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். சோதனைக் குறிப்பேடு துறையின் பூட்டில் இருக்க வேண்டும், கேட்டவருக்குக் காட்ட வேண்டும். புகார் சொன்ன மாணவருக்கு அன்றே வேறு நெறியாளர் கொடுக்க வேண்டும். இவற்றை எழுதிய மனு இதோ மேசையில் இருக்கிறது. துணைவேந்தர் அலுவலகத்துக்குப் போகிறது. மாணவர்களே, நீங்கள் உட்காருங்கள், உங்கள் கையெழுத்து இன்று வேண்டாம். வேலை நிரந்தரமான பேராசிரியர்களே, முதல் பக்கம் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது. மேடைக்கு வாருங்கள்!