நட்சத்திரத்தின் விரல் நுனி



வைத்தியருக்கு விண்வெளியில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். விரல் நுனியில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் கருவியைக் கொரோனாக் காலத்தில் பலர் வீட்டிலேயே வைத்திருந்தோம். சிவப்பு ஒளியும் செங்கீழ்க் கதிரும் விரலூடாகச் செல்லும். ஒட்சிசன் குறைந்த குருதி சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஒட்சிசன் நிறைந்தது மற்றதை. தோலும் எலும்பும் உறிஞ்சுவது மாறாது. நாடியோடு கூடிக் குறைவதை மட்டும் கருவி பிரித்தெடுக்கும். நகப்பூச்சு இருந்தால் சிலவேளை ஏமாந்தும் போகும்!

2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி செய்வதும் ஏறத்தாழ இதுதான். கோளொன்று தன் நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது ஒளி சற்றுக் குறையும். கடக்கும்போது வந்த ஒளியையும் கடக்காதபோது வந்ததையும் நிறம் நிறமாக ஒப்பிட்டால், கோளின் வளிமண்டல வாயுக்கள் எந்த நிறங்களை விழுங்கின என்று தெரியும். நட்சத்திரத்தின் கரும்புள்ளிகள்தாம் இங்கே நகப்பூச்சு.

கே2-18பி என்ற கோள் 124 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. 33 நாளுக்கொருமுறை அது கடக்கையில் ஒளி 0.3 சதவீதமளவே குறைகிறது. வளிமண்டலத்தின் அடையாளம் அதிலும் ஒரு சிறு துணுக்கு. 2023இல் அங்கே மெதேனும் காபனீரொட்சைட்டும் இருப்பதாக அறிவித்தார்கள். 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கு மதுசூதனின் குழு, இருமெதைல் சல்பைட்டின் அடையாளமும் தெரிவதாகச் சொன்னது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. 'வேற்றுக்கோளில் உயிர்' என்று செய்திகள் பறந்தன.

தற்செயலாக இப்படி வர 0.3 சதவீத வாய்ப்பே உண்டென்றார்கள். கேட்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் மிக அரிதான நோய்க்கு ஒரு பரிசோதனை 'ஆம்' என்று வந்தால், நல்ல வைத்தியர் உடனே நோயாளியிடம் போய்ச் சொல்லமாட்டார். திரும்பச் செய்விப்பார், அதே முடிவைத் தரக்கூடிய வேறு காரணம் உண்டா என்று தேடுவார். இங்கும் அதுவே நடந்தது. அதே தரவுகளை வேறு குழுக்கள் அலசி, சான்று போதாது என்றன. அந்தச் சேர்மம் 67பி என்ற வால்வெள்ளியிலும் முன்பே கண்டறியப்பட்டிருக்கிறது. அங்கே கடலுமில்லை, உயிருமில்லை. இன்னும் 16 முதல் 24 மணிநேர அவதானிப்பு தேவை என்று அறிவித்த குழுவே சொல்லியிருந்தது. அந்த வரி தலைப்புகளில் வரவில்லை. எனக்கு அதுதான் கோபம்.

உயர்தர வகுப்புத் தங்கைமாருக்கு ஒன்று: தொலைகாட்டியின் தரவுகள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்படுகின்றன. எங்கள் கணினி அறையிலிருந்தும் எடுக்கலாம்.